அப்பப்பாவின் மொறிஸ் மைனரை நான் ஏன் இன்னும் ஓட்டுகிறேன்

நீங்கள் சொந்தமாக வைத்து ஓட்டும் வாகனம் எது, அதை ஏன் மாற்றாமல் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் இரண்டு கார்கள் இருக்கின்றன. வெள்ளவத்தையிலிருந்து கோட்டையிலுள்ள அலுவலகத்துக்கு நாளாந்தம் போய்வருவது 2015 ஆம் ஆண்டுச் சுசுகி வேகன் ஆரில். காலி வீதி நெரிசலில் ஏசியைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தாலும் அது அதிகம் பெற்றோல் குடிப்பதில்லை. அதைப் பற்றிக் குறை சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் கேள்விக்குரிய வண்டி மற்றையதுதான்: 1959 ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000, நான்கு கதவு, 948 சீசீ எஞ்சின்.

யாழ்ப்பாணத்தில் அப்போதிக்கரியாக (உதவி வைத்தியராக) இருந்த என் அப்பப்பா, 1963 இல் கொழும்புக்கு வந்து, பாவித்த காராக இதை வாங்கி ஊருக்குக் கொண்டுபோனார். அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் அப்போது கார் இறக்குமதி இறுக்கப்பட்டிருந்தது. ஏற்கெனவே நாட்டுக்குள் வந்துவிட்ட கார்களைத் திருத்தித் திருத்தி ஓட்டுவதைத் தவிர மக்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மீண்டும் திறந்துவிடப்பட்டதால், அதே நிலைமையை என் தலைமுறையும் கண்டது. இந்த நாட்டில் ஒருவர் ஒரு காரை உண்மையில் சொந்தமாக வைத்திருக்கிறார் என்றால், புதியதும் வராமல் எரிபொருளும் கிடைக்காத காலத்திலும் அதை அவரால் ஓட வைக்க முடியவேண்டும் என்பதே என் எண்ணம். அந்த எண்ணத்தை எனக்குத் தந்தது இந்த மைனர்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. கிடைத்த சொற்பமும் நெருப்பு விலை. அப்பா காரை மண்ணெண்ணெயில் ஓட்டத் தொடங்கினார். குடாநாட்டில் மிஞ்சியிருந்த மற்ற மொறிஸ்களும் ஒஸ்ரின்களும் அப்படித்தான் ஓடின. எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பப்பாவின் பழைய மருந்துப் போத்தல் ஒன்றில் பெற்றோலைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. அப்பா, பெற்றோலைக் காற்றுடன் கலக்கும் கார்பரேற்றரின் வாயில் சில துளிகளை விட்டு, ஸ்ராட்டர் குமிழை இழுத்து, எஞ்சின் நன்றாகச் சூடேறும்வரை பெற்றோலிலேயே வைத்திருந்து, அதன்பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். நிறுத்துவதற்குச் சற்று முன்னர் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றிவிடவேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை குளிர்ந்த எஞ்சின் எழும்பாது.

இது ஏன் சாத்தியமானது என்பதைப் பின்னர்தான் படித்து விளங்கிக்கொண்டேன். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. அதற்கு வெப்பம் வேண்டும். இந்த எஞ்சினில் கலவை உள்ளே போகும் குழாயும் புகை வெளியேறும் குழாயும் ஒரே பக்கத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதால், புகையின் சூடு உள்ளே போகும் கலவையையும் சூடாக்கிவிடுகிறது. அத்துடன் எங்கள் காரில் இருந்தது 7.2 க்கு 1 என்ற குறைந்த அமுக்க விகிதமுள்ள எஞ்சின். மண்ணெண்ணெய் போன்ற ஒக்ரேன் குறைந்த எரிபொருளை இன்றைய எஞ்சின் ஒன்றில் ஊற்றினால் தட்டித் தட்டியே பிஸ்ரன் கெட்டுவிடும். இது ஓரளவுக்குப் பொறுத்துக்கொண்டது. ஆனால் எரியாமல் மிஞ்சும் மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலில் இறங்கி அதை நீர்த்துப்போகச் செய்யும். காலையில் அப்பா ஒயில் அளவு பார்க்கும் டிப்ஸ்ரிக்கை இழுத்து, விரலில் தொட்டு, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்த காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இரவில் பிரசவத்துக்குப் போகவேண்டிய அயலவர்கள் எங்கள் படலையில்தான் வந்து தட்டினார்கள். ஒருமுறைகூட அந்தக் கார் அவர்களைக் கைவிடவில்லை.

2002 இல் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 வீதி திறக்கப்பட்ட பிறகு, முகமாலையிலும் ஓமந்தையிலும் சோதனைக்கு இறங்கி ஏறி, அப்பாவும் நானும் இதைக் கொழும்புக்கு ஓட்டி வந்தோம். ஈயம் கலந்த பெற்றோல் இலங்கையில் அந்த ஆண்டோடு நின்றது. ஈயமில்லாத பெற்றோலில் இதன் பழைய வார்ப்பிரும்பு வால்வு இருக்கைகள் தேய்ந்து உள்ளிறங்கும் என்பதால், முதல் வேலையாக எஞ்சின் தலையைக் கழற்றிக் கடினமான இருக்கைகளைப் பொருத்துவித்தேன்.

மைனர் வாங்க எண்ணுவோருக்கு நான் அழுத்திச் சொல்வது ஒன்றுதான். இதன் முன்சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த தண்டு, மேலும் கீழும் ட்றனியன் எனப்படும் மரையிட்ட துண்டுகளில் திரும்புகிறது. அந்த மரைக்குள் கிரீஸ் இல்லாவிட்டால் அது தேய்ந்து, எந்த முன்னறிவிப்பும் இன்றிக் கழன்றுவிடும். 2011 இல் பல மாதங்கள் நான் அதைக் கவனிக்கவில்லை. பாமன்கடைச் சந்தியில் மெதுவாகத் திரும்பும்போது வலது முன்சக்கரம் அப்படியே மடிந்து மட்கார்ட்டுக்குள் படுத்துவிட்டது. கார்ப் பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையிலிருந்து வந்த பாஸ் (மெக்கானிக்) குனிந்து பார்த்து, கீழ்த் துண்டை விரலால் சுரண்டி, உலர்ந்த துருப்பொடியை என் உள்ளங்கையில் வைத்தார். "மஹத்தயா, கடைசியாக எப்போது கிரீஸ் அடித்தீர்கள்?" என்று சிங்களத்தில் கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. நெடுஞ்சாலையில் நடந்திருந்தால் என் குடும்பத்துக்கு என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் இன்றும் மனம் பதறுகிறது. அன்றிலிருந்து ஒவ்வோர் ஆயிரம் மைலுக்கும் நானே கீழே படுத்து, புதிய கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை அடிக்கிறேன்.

அடுத்த எதிரி துரு. வெள்ளவத்தையில் கடற்காற்று வீட்டுக்குள்ளேயே வரும். மைனருக்குத் தனிச் சட்டகம் இல்லை, உடலே சட்டகம் என்பதால், தரைத்தகடும் எஞ்சினைத் தாங்கும் முன் கால்களும் பின்சக்கர வில் பொருந்தும் இடமும் உக்கினால் காரே போய்விட்டது என்று பொருள். பளபளக்கும் பெயின்ற்றைப் பார்த்து ஏமாறாமல், வாங்கும்போது இந்த இடங்களையே தட்டிப் பாருங்கள். பாகங்களுக்குப் பெரிய கவலை இல்லை. பஞ்சிகாவத்தையில் தேடினால் பெரும்பாலானவை அகப்படும். 1990களில் இலங்கையில் செய்யப்பட்ட மைனர் தகட்டுப் பாகங்கள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகியிருக்கின்றன என்பதை இங்கு பலர் அறியமாட்டார்கள்.

இதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், கார் ஒடுங்கலாக இருப்பதாகக் கடைசி நேரத்தில் உணர்ந்து, மாதிரி வண்டியை நீளவாக்கில் இரண்டாக வெட்டி நான்கு அங்குலம் விரித்தார். போனெற்றின் நடுவில் முன்னிருந்து பின்னாக ஓடும் தட்டையான பட்டை அந்த நான்கு அங்குலத்தின் தடம். காரைக் கழுவும்போது அந்தப் பட்டையில் என் கை கட்டாயம் ஒருமுறை தங்கும். 1948 இல் வெளிவந்த ஒரு மலிவான குடும்பக் காருக்காக ஒருவர் இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்.

2022 ஜூலையில், எரிபொருள் தட்டுப்பாட்டின்போது, கியூ.ஆர். குறியீட்டில் பங்கிட்டுத் தரும் முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர் என்று கணக்கிட்டார்கள். அப்பா அப்போது உயிருடன் இருந்தார். வரிசையில் ஒரு நாள் என் பக்கத்தில் இருந்துகொண்டு, "தம்பி, அந்த மருந்துப் போத்தலை எறிந்துவிட்டாயா?" என்று கேட்டார். எறியவில்லை; இப்போதும் டாஷ்போர்ட்டுக்குக் கீழுள்ள தட்டில் இருக்கிறது.

ஞாயிறு விடியற்காலைகளில், மரைன் டிரைவில் போக்குவரத்துத் தொடங்குமுன், என் மகள் இதில் ஓட்டப் பழகுகிறாள். சாவியைத் திருப்பியதும் பெற்றோல் பம்ப் சில விநாடிகள் "டிக், டிக்" என்று அடித்து, கார்பரேற்றர் நிரம்பியதும் ஓய்ந்துவிடும். அது ஓயும்வரை காத்திருக்கப் பழகிவிட்டாள். முதல் கியருக்குச் சிங்க்ரோ (பற்களின் வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு) கிடையாது என்பதால், கார் முற்றாக நிற்குமுன் அதைப் போட்டால் பற்கள் அலறும். சென்ற வாரம் மூன்று முறை அலறின. இந்த வாரம் ஒரு முறைதான்.