மானுக்கு விசிலா, பிரேக்கில் இரண்டு விரலா?

கேள்வி: வேலை முடிந்து காட்டோரச் சாலையில் தினமும் 30 கிலோமீட்டர் பைக்கில் வீடு திரும்புகிறேன். கிளம்பும்போதே இருட்டத் தொடங்கிவிடும். போன வாரம் ஒரு மான் முன்சக்கரத்தை உரசுகிற மாதிரி தாவி ஓடியது. பதறிப்போய்க் கால்பிரேக்கை மிதித்ததில் பின்சக்கரம் வழுக்கியது. விழாமல் தப்பித்தது என் நல்ல நேரம். ஓடும்போது ஒலி எழுப்பி மானை விரட்டுமாம் ‘மான் விசில்’, அதை வாங்கி வண்டியில் ஒட்டினால் போதும் என்கிறார் நண்பர். மான் குறுக்கே வந்தால் விலகிப் போவதா, நிறுத்துவதா?

பதில்: நிறுத்தப் பாருங்கள். ஒரு மாடு எந்தப் பக்கம் போகும் என்று ஓரளவு ஊகிக்கலாம். மானிடம் அது நடக்காது. பாதிச் சாலை தாண்டிய பிறகு மிரண்டு வந்த வழியே திரும்பும். தாரில் குளம்பு வழுக்கி அங்கேயே விழும். சில நேரம் சிலை மாதிரி நிற்கும். நீங்கள் வலப்பக்கம் ஒடிக்கிற அதே நொடியில் அதுவும் வலப்பக்கம் தாவலாம்.

ஆனால் நிறுத்த முடியுமா என்பது மானைப் பார்த்த பிறகு முடிவாகிற விஷயமில்லை, அதற்கு முன்பே நீங்கள் போய்க்கொண்டிருந்த வேகம் முடிவு செய்துவிடுகிறது. கணக்கைப் பாருங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடுகிறது. கண் பார்த்து, மூளை புரிந்து, கை பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்றால் அதிலேயே 25 மீட்டர் போய்விட்டது. காய்ந்த சாலையில் நன்றாகப் பிடித்தால் நிற்க இன்னொரு 20 மீட்டர். மொத்தம் 45. இதையே 80-இல் போட்டால் 70 மீட்டரை நெருங்கும். பல பைக்குகளின் லோ பீமில் 50 மீட்டருக்கு அப்பால் நிற்கும் பழுப்பு நிற உடம்பு கண்ணுக்கே தெரியாது. ஆக, 80-இல் போகிறவர் மானைப் பார்க்கும்போதே காலம் கடந்துவிடுகிறது. எதிரே வண்டி வராத வரை ஹை பீமில் போங்கள். லோ பீமுக்கு மாறியதும் 50-க்கு இறங்குங்கள்.

உங்கள் பின்சக்கரம் வழுக்கியதற்கு வருகிறேன். பிரேக் பிடித்ததும் எடை முன்னால் சாய்கிறது. பின்சக்கரத்தில் பாரம் குறைந்து, ஓங்கி மிதித்தால் அது பூட்டிக்கொள்கிறது. நிறுத்தும் பலத்தில் பெரும்பங்கு முன்பிரேக்கில்தான் இருக்கிறது. ‘முன்பிரேக் பிடித்தால் குப்புறத் தள்ளிவிடும்’ என்ற பயத்திலேயே அதைத் தொடாமல் வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தள்ளுவது வெடுக்கென்று இழுத்தால், அல்லது வண்டி வளைவில் சாய்ந்திருக்கும்போது இழுத்தால். முதலில் மெல்ல அழுத்தி, முன்னால் சஸ்பென்ஷன் அமுங்குவதை உணர்ந்து, பிறகு இறுக்குங்கள். காலியான மைதானத்திலோ ஆளில்லாத சாலையிலோ 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து இருபது முறை செய்து பாருங்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருந்தாலும் செய்யுங்கள். இறுக்கிப் பிடிக்கிற தைரியம் தானாக வராது.

காட்டோரம் தொடங்கியதும் இரண்டு விரலை முன்பிரேக் லீவரில் வைத்துக்கொள்ளுங்கள். 60-இல் போகும்போது பிரேக்குக்கு விரல் போகிற நேரத்தில் கால் நொடி மிச்சமானால்கூட 4 மீட்டர், அதாவது இரண்டு பைக் நீளம்.

ஒரு மான் கடந்தால் அது முதல் மான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது ஒரு குட்டி. தாய் கடந்து புதருக்குள் போனதும், ‘அப்பாடா’ என்று ஆக்ஸிலேட்டரை முறுக்கினேன். அடுத்த நொடி குட்டி சாலை நடுவில். முன்சக்கரத்துக்கும் அதற்கும் ஒரு கை நீளம்தான் இடைவெளி. மூக்கு நுனி ஈரம் ஹெட்லைட்டில் மின்னியது. அது என்னைப் பார்க்கவே இல்லை, தாய் போன திசையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றது. ஓடிய மானின் பின்னால் நம் கண்ணும் ஓடிவிடும். அதை இழுத்துவந்து, மான் புறப்பட்ட இடத்தில் வையுங்கள்.

விடிகாலையும் அந்தி சாய்ந்த முதல் ஒரு மணி நேரமும்தான் மான்களின் நடமாட்டம் அதிகம். இணை சேரும் பருவத்தில் பெண்மானைத் துரத்தும் கிடா எதையும் கவனிக்காது. அந்த மாதங்கள் மான் இனத்துக்கு இனம் மாறும். காடு முடிந்து வயல் தொடங்கும் இடம், ஓடை சாலையைக் கடக்கும் இடம், வேலி அறுந்த இடம், இவற்றில் வேகத்தைக் குறையுங்கள். மான் படம் போட்ட எச்சரிக்கைப் பலகையை அழகுக்கு நடுவதில்லை. சாலையில் உங்கள் பாதிக்குள்ளேயே, ஓரப் புதரை விட்டு நடுக்கோட்டுப் பக்கம் சற்றுத் தள்ளி ஓட்டினால் பார்க்கவும் நிற்கவும் கூடுதல் இடம் கிடைக்கும். மானின் கண் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். புல்லுக்கு மேலே இரண்டு புள்ளி மின்னினால் உடனே வேகத்தைக் குறையுங்கள். சாலையோரப் பிரதிபலிப்பான்களில் ஒன்று அணைந்து மறுபடி தெரிந்தால் குறுக்கே ஏதோ போயிருக்கிறது.

மான் அசையாமல் நின்றால், நின்றுவிட்டு ஹை பீமை இறக்குங்கள். இருட்டுக்குப் பழகிய கண் கூசி அது திகைத்து நிற்கும். தொலைவில் இருக்கும்போது இரண்டு தடவை ஹாரன் அடிக்கலாம். கிட்டத்தில் அடித்தால் உங்கள் மேலேயே பாயக்கூடும்.

விசில் வேண்டாம். காற்றின் வேகத்தில் ஒலி எழுப்பும் அந்தச் சின்னப் பொருள் மான்களை விரட்டுவதாகச் சோதனைகளில் தெரியவில்லை. காதில் விழுந்தாலும், ‘வண்டி வருகிறது, ஒதுங்கு’ என்று அதற்கு யார் சொல்லிக்கொடுத்தது? அதை ஒட்டிய தைரியத்தில் நீங்கள் பத்து கிலோமீட்டர் கூடுதலாகப் போவீர்கள், எனக்கு அதுதான் பயம். அந்தப் பணத்தில் தேய்ந்த முன் பிரேக் பேடை மாற்றுங்கள்.

மோதல் தவிர்க்கவே முடியாது என்றால்? வண்டியைச் சாய்த்துப் படுக்கப் போடச் சொல்பவர்களைக் கேட்காதீர்கள். தாரில் சறுக்கும் இரும்பைவிட டயருக்குப் பிடிப்பு அதிகம். நேராக நிமிர்த்திப் பிடித்து, கடைசி மீட்டர் வரை பிரேக் பிடியுங்கள். 60-க்குப் பதில் 30-இல் மோதினால் மோதலின் ஆற்றல் கால் பங்காகிவிடும். நாடாவை மாட்டாத ஹெல்மெட் அந்த நேரத்தில் தலையில் இருக்காது.

மான் அடிபட்டுக் கிடந்தால் தூக்கப் போகாதீர்கள். வலியில் உதைக்கும் குளம்பும் கொம்பும் கிழித்துவிடும். வண்டியை ஓரமாக நிறுத்தி, இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு, வனத்துறைக்கோ காவல்துறைக்கோ சொல்லுங்கள். மறுபடி கிளம்புமுன் ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பாருங்கள். எங்காவது தடுத்தால் வண்டியை ஓட்டாமல் வேறு வாகனத்தில் ஏற்றி அனுப்புங்கள்.