தோஹா–ஆக்லாந்து: போக 26 மணி, வர ஏழரை மணியா?

ஜனவரிப் பயணச்சீட்டில் தோஹாவில் அதிகாலை 2 மணிக்குக் கிளம்பி மறுநாள் அதிகாலை 4 மணிக்கு நியூசிலாந்தின் ஆக்லாந்து, திரும்பும்போது மாலை 3 மணிக்குக் கிளம்பி அன்றிரவே 10.30க்கு தோஹா என்று இருப்பதாக எழுதியிருந்தீர்கள். பயப்படாதீர்கள், சீட்டில் தவறில்லை. அந்தந்த ஊர் நேரத்தைத்தான் அச்சிடுவார்கள். ஜனவரியில் ஆக்லாந்து, தோஹாவைவிட 10 மணி நேரம் முன்னால் இருக்கும். போகும்போது 26இல் 10ஐக் கழியுங்கள், 16 மணி. வரும்போது ஏழரையோடு 10ஐக் கூட்டுங்கள், பதினேழரை மணி.

தூரம் சுமார் 14,500 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்தாலும் 16 மணிதான் வரும். அப்புறம் ஏன் திரும்பும்போது ஒன்றரை மணி கூடுதல்? காற்றுதான் காரணம். விமானம் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலமான காற்றோட்டம் ஓடும். போகும்போது அது விமானத்தைத் தள்ளிவிடும், வரும்போது எதிர்த்து நிற்கும்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். ஏப்ரல் முதல் ஞாயிறிலிருந்து செப்டம்பர் கடைசி ஞாயிறு வரை நியூசிலாந்து கடிகாரம் ஒரு மணி பின்னால் போய்விடும். அந்த மாதங்களில் பயணத்தை மாற்றினால் 10க்குப் பதில் 9 என்று வைத்துக் கணக்கிடுங்கள். உங்களை அழைத்துப்போக வருபவரிடம் மணியோடு தேதியையும் சொல்லிவிடுங்கள். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.