மலையகத்து மரங்களில் வளரும் லைக்கனைச் சத்துணவுப் பொருளாக விற்க முடியுமா?

நுவரெலியாப் பக்கம் தோட்டத்து மரங்களில் லைக்கன் கொத்துக்கொத்தாக வளர்கிறதே, அதைச் சேகரித்துச் சத்துணவுத் தொழில் தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் ஒன்றாகச் சேர்ந்து வாழும் உயிர். அதில் விஷயம் இருக்கிறது. ஆனால் தோட்டத்து மரத்தில் சுரண்டி எடுத்ததை யாருக்கும் சாப்பிடக் கொடுக்காதீர்கள்.

லைக்கனுக்கு வேர் இல்லை. மழை, மூடுபனி, தூசி எதில் என்ன வந்தாலும் உடம்பு முழுவதாலும் உறிஞ்சிக்கொள்ளும். மரம் இலை உதிர்ப்பது போல அதைக் கழித்துவிடவும் முடியாது. 1946இல் தேயிலைக் கொழுந்தைத் தாக்கும் கொப்புள நோய் என்ற பூஞ்சை நோய் இலங்கைக்கு வந்தது. அதற்காகத் தேயிலைக்குச் செப்பு மருந்து அடிக்கும் வழக்கமும் வந்தது. அடிக்கிற மருந்து கொழுந்தோடு நிற்பதில்லை. நடுவில் நிழலுக்கு நிற்கும் கிரவீலியாப் பட்டையிலும் படிகிறது. ரோட்டோரமாக இருந்தால் வாகனப் புகையும் சேரும். காற்று மாசை அறிய விஞ்ஞானிகள் லைக்கனை எடுத்துச் சோதிப்பதே இந்தக் குணத்தால்தான்.

சரி, பிரியாணிக்குப் போடுகிற கல்பாசி? அதுவும் லைக்கன்தான். மேலே சாம்பல் நிறம், திருப்பினால் கறுப்பு. வெறுமனே முகர்ந்தால் பெரிதாக மணக்காது. சூடான எண்ணெயில் விழுந்ததும்தான் மணம் எழும்பும். ஒரு சட்டிக் கறிக்கு ஒரு சிட்டிகை போடுவோம், அவ்வளவுதான். அந்த அளவில் நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டிருக்கிறார்கள். அதையே கரண்டிக் கணக்கில் தூளாக விழுங்கச் சொன்னால் அது வேறு கதை.

உணவுப் பொருளாக எனக்கு அதிகம் நம்பிக்கை தருவது லைக்கெனின் என்ற மாப்பொருள். ஓட்ஸில் இருக்கும் பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்துக்கு நெருங்கிய உறவு. வெந்நீரில் கரைந்து, ஆறினால் கூழாக உறையும். ஐஸ்லாந்தில் அது நிறைந்த ஒரு லைக்கனை ஊறவைத்துக் கசப்பை எடுத்து, மாவோடு கலந்து ரொட்டி சுட்டார்கள், பாலில் காய்ச்சிக் குடித்தார்கள். நார்ச்சத்துக்கும் கெட்டித்தன்மைக்கும் நல்ல சரக்கு. லைக்கனில் ஆக்சியேற்ற எதிரிகள், அதாவது உடல் செல்களைச் சேதத்திலிருந்து காக்கும் பொருட்கள், இருப்பதாகப் பேச்சு நிறைய வருகிறது. அதில் பெரும்பகுதி சோதனைக் குழாயில் பார்த்தது. அதைப் பொதியில் மருத்துவக் குணமாக அச்சடிப்பது நியாயமில்லை.

உஸ்னியாவை மட்டும் தொடவே வேண்டாம். நம் மலைகளில் கிளைகளில் தாடியாகத் தொங்குமே, அதுதான். ஒரு இழையை மெதுவாக இழுத்தால் மேல்தோல் உடைந்து, உள்ளே வெள்ளை நரம்பு ஒன்று ரப்பராக நீளும். அதிலுள்ள உஸ்னிக் அமிலம் ஈரலைக் கெடுக்கும். அதைச் சேர்த்த எடைக்குறைப்பு மாத்திரை ஒன்றைச் சாப்பிட்டவர்களுக்கு ஈரல் பாதிக்கப்பட்டு, 2001இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதைப் பற்றி எச்சரிக்கை விட்டது.

இன்னொன்று, பல வகைகள் வருடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். மூட்டை கட்டி விற்கத் தொடங்கினால் ஒரு மலைச்சரிவே மொட்டையாகும். ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்கா, அங்கே கை வைக்கவே கூடாது. உண்மையாகவே இறங்க நினைத்தால், பேராதனைப் பல்கலைக்கழகத்துத் தாவரவியல்காரர்களிடம் மாதிரியைக் காட்டி இனத்தை உறுதி செய்யுங்கள். அப்புறம் செப்பு, ஈயம், கட்மியத்துக்கு ஆய்வகச் சோதனை. அதிலுள்ள பூஞ்சையைப் பிரித்து ஆய்வகத்தில் வளர்க்க முடியும். மெதுவான வேலை, ஆனாலும் முதலீட்டை அதில்தான் போடச் சொல்வேன்.