நடக்கிறார், எழ முடியவில்லை

அன்புள்ள அக்கா,
என் அப்பாவுக்கு 71 வயது. கீழமாசி வீதியில் முப்பது வருடம் மூட்டை தூக்கியவர். இன்றும் செல்லூரிலிருந்து மீனாட்சி கோயில் வரை நடந்தே போய் வருகிறார். ஆனால் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டால், எழுப்பிவிட ஆள் வேண்டும். இரண்டு தொடையும் சூம்பிவிட்டன. "வயசானா அப்படித்தான்" என்கிறார்கள். உழைத்த உடம்புக்கு ஏன் இப்படி?
– ஒரு வாசகர், செல்லூர்

அன்புள்ள தம்பி,
நடக்கிறார், எழ முடியவில்லை. பாதி விடை அதிலேயே இருக்கிறது. நெடுநேரம் சோராமல் உழைக்கும் மெதுவான நார்கள் நம் தசையில் உண்டு. நடக்க அவை போதும். தரையிலிருந்து எழவும், கால் தடுக்கினால் சமாளித்து நிற்கவும் வேகமான நார்கள் வேண்டும். வயதானால் அதிகம் இளைப்பவை அவைதான்.

காரணம் தசையில் மட்டும் இல்லை, நரம்பிலும் இருக்கிறது. தண்டுவடத்திலிருந்து தசையை இயக்கும் நரம்புச் செல்கள் வயது ஏற ஏறக் குறைகின்றன. நரம்பு விட்டுப்போன நார்களில் சிலவற்றைப் பக்கத்து நரம்பு கிளைவிட்டுப் பிடித்துக்கொள்ளும். பெரும்பாலும் அவை மெதுவான நார்களாக மாறிவிடும். யாரும் பிடிக்காதவை சூம்பி மறையும். தசையைப் பழுதுபார்க்கும் செல்களும் ஹார்மோன்களும் குறைகின்றன. போதாததற்கு, இளவயதில் சதை வைத்த அதே அளவு பருப்பும் முட்டையும் இப்போது அவ்வளவு சதை வைக்காது. வயதால் தசை இப்படி இளைப்பதற்கு 1989-இல் அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் இர்வின் ரோசன்பெர்க் சார்கோபீனியா என்று பெயர் வைத்தார்.

திருப்பரங்குன்றத்தில் என் அத்தை காய்ச்சலில் பத்து நாள் படுத்தார். தேறிய பிறகும் "நீங்க உக்காருங்க அத்தை" என்று குடத்தை நாங்கள் வாங்கிக்கொண்டோம். இரண்டே மாதத்தில், முழங்காலில் ஒரு கையும் திண்ணையில் ஒரு கையும் ஊன்றி, மூன்று தடவை முன்னால் ஆடித்தான் எழுந்தார். பாசத்தில் செய்த தப்பு அது. இன்னும் எனக்கு ஆறவில்லை.

"அப்படித்தான்" என்பதை நான் ஏற்க மாட்டேன். 1990-இல் பாஸ்டனில், 90 வயதை ஒட்டிய முதியோருக்கு எட்டு வாரம் காலால் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. போன நரம்பு திரும்பாது. மிச்சமிருக்கும் நார் தடிக்கும்.

முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்; சர்க்கரையும் முதுகெலும்புக் கோளாறும் தொடையைச் சூம்ப வைக்கும். சிறுநீரகம் நன்றாக இருந்தால் வேளைக்கு வேளை முட்டையோ சுண்டலோ சேருங்கள். உயரமான நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்துத் தடவை எழட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், தூக்கிவிடாதீர்கள். அது சுலபமானதும் தாழ்ந்த நாற்காலி, பிறகு முக்காலி. எதுவரை வந்தார் என்று ஆடிக்குள் எனக்கு எழுதுங்கள்.