சேவை மையத்திலேயே இருப்பதா, ஈப்போவுக்குப் போவதா?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் ஓர் அறநிறுவனம் நடத்தும் டயாலிசிஸ் மையத்தில் ஆறு வருடமாக நிர்வாக வேலை பார்க்கிறேன். சம்பளம் 2,300 ரிங்கிட். நன்கொடை வரத் தாமதமானால் சம்பளமும் தாமதம். இரண்டு மாதமாக இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) ஏறவில்லை. தோட்டத்து நோயாளிகளை என் காரில்தான் அழைத்து வருகிறேன். அதற்கே பெட்ரோலுக்கு மாதம் 200 ரிங்கிட் ஆகிறது. சிலருக்குக் கைமாற்றும் தருகிறேன். ஈப்போ கிளினிக் ஒன்றில் 2,900 தருகிறார்களாம். போகவும் மனமில்லை. என்ன செய்ய?

பதில்: டயாலிசிஸ் என்றால் வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். உங்கள் நோயாளிகள் சொந்தக்காரர்களைவிட உங்களைத்தான் அதிகம் பார்க்கிறார்கள். அதற்கு நான் விலை போடப் போவதில்லை. மற்றதைக் கணக்குப் பார்க்கலாம்.

முதலில் இபிஎஃப். உங்களிடம் 11%, முதலாளி 13%. இரண்டும் சேர்ந்து மாதம் சுமார் 552 ரிங்கிட். மறு மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். சம்பளமும் மாதம் முடிந்து ஏழு நாளில் வர வேண்டும். அறநிறுவனம் என்பதால் விலக்கு கிடையாது. ஐ-அக்காவுனில் (இபிஎஃப்பின் இணையக் கணக்கில்) பாருங்கள், பொருளாளருக்கு எழுத்தில் கேளுங்கள், பதில் இல்லையென்றால் இபிஎஃப் அலுவலகத்துக்குப் போங்கள். "நல்ல காரியம் செய்கிற இடமாயிற்றே" என்று தயங்க வேண்டாம். பிடித்தது உங்கள் பணம்.

பெட்ரோலுக்கு கிளெய்ம் கேளுங்கள். இப்போது நீங்கள் ரசீதில்லாமல் மாதம் 200 நன்கொடை கொடுக்கிறீர்கள். மையத்தை நடத்தும் செயலவைக்கு அது தெரியுமா என்பதே சந்தேகம். உண்மைச் செலவு கணக்கில் ஏறினால்தான் வேனுக்கு ஸ்பான்சர் தேட முடியும்.

கைமாற்றை இன்றே நிறுத்துங்கள். பணத்துக்காக மட்டும் சொல்லவில்லை. திருப்பித் தர முடியாதவர் உங்கள் முகத்தில் விழிக்கக் கூச்சப்பட்டு டயாலிசிஸுக்கே வராமல் போனால்? அது உயிர் விஷயம். உதவி கேட்பவரைச் செயலவையிடம் அனுப்புங்கள்.

சரி, ஈப்போ. 600 ரிங்கிட் அதிகம் என்றாலும் இபிஎஃப் போகக் கையில் 534. போக வர தினமும் சுமார் 60 கிலோமீட்டர். பெட்ரோல், சர்வீஸ், டயர் என்று 350 வையுங்கள். மிச்சம் 184. மையம் பெட்ரோல் காசைத் திருப்பித் தந்தால் ஈப்போவில் உங்களுக்குக் கையில் கூடுவது இந்த 184 மட்டும்தான்! ஆனால் ஒன்றை மறக்காதீர்கள்: ஈப்போவில் இபிஎஃப்பில் மாதம் 144 ரிங்கிட் கூடுதலாகச் சேரும், அதுவும் ஒழுங்காக.

என் தீர்ப்பு இதுதான். ஒரு மாதம் கெடு வையுங்கள். இபிஎஃப் பாக்கி கட்டப்பட்டு, பெட்ரோல் கிளெய்மும் எழுத்தில் வந்தால் இருங்கள். வராவிட்டால் போங்கள், ஞாயிற்றுக்கிழமை தொண்டராக வந்து உதவ யாரும் தடுக்கப் போவதில்லை. அப்புறம், கிளினிக்கில் சேரும் தேதி சொல்வதற்கு முன் நியமனக் கடிதத்தைப் படியுங்கள். நோட்டீஸ் காலம் அதில் இல்லையென்றால், ஐந்து வருடம் தாண்டிய உங்களுக்குச் சட்டப்படி எட்டு வாரம்.