கேள்வி – பதில்: மௌனமான வகுப்பறை

கேள்வி: திருச்சபையின் மிஷனரியாக, ஆங்கிலம் கற்பிக்க நாகசாகிக்கு வந்து நான்கு மாதங்களாகின்றன. வகுப்பில் யாரும் வாய் திறப்பதில்லை; மாலையில் தனிமை வாட்டுகிறது. நான் தவறான இடத்துக்கு வந்துவிட்டேனா?

பதில்: இல்லை, சகோதரி. ஜப்பானிய வகுப்பறையின் மௌனம் பெரும்பாலும் வெறுப்பன்று, பலர் முன்னிலையில் பிழையாகப் பேசிவிடக் கூடாதே என்ற கூச்சம்தான் என்பதால், முதலில் இருவர் இருவராகப் பேசவிடுங்கள். என் முதல் ஆண்டில் மூன்று வாரம் பேசாதிருந்த முதியவர் ஒருவர், நான்காம் வாரம் ஒரு தாளை நீட்டினார். அதிலிருந்த ஒரே ஆங்கில வாக்கியத்தை அவர் பென்சிலால் எழுதி, அழித்து, மீண்டும் எழுதியதில் தாளே மெலிந்து போயிருந்தது.

உங்கள் ஊருக்கே 1859இல் வந்த மிஷனரி கைடோ வெர்பெக்கை நினைத்துப் பாருங்கள். கிறிஸ்தவம் அப்போது தடைசெய்யப்பட்டிருந்ததால் வெளிப்படையாகப் பிரசங்கிக்க இயலாத அவர், புதிய ஏற்பாட்டையும் அமெரிக்க அரசியல் சட்டத்தையும் பாடநூல்களாக வைத்து ஆங்கிலம் கற்பித்தார். பின்னாளில் பிரதமரான ஒகுமா ஷிகெனொபு அவரிடம் பயின்றவரே. முரடா வாகாசா என்ற சாமுராய் அவரிடம் ஞானஸ்நானம் பெற்றது 1866இல்தான். தடையை அறிவித்த பலகைகள் 1873இல்தான் அகற்றப்பட்டன.

தனிமைக்கு மருந்து, உங்கள் மொழி பேசுவோரிடம் மட்டும் ஒதுங்குவதன்று. குப்பையைத் தரம் பிரித்து உரிய நாளில் வைக்கும் முறையைப் பக்கத்து வீட்டு அம்மாவிடமே கேளுங்கள். அடுத்த வாரம் அவரே முதலில் வணக்கம் சொல்லக்கூடும். வகுப்பைத் திருச்சபை நடத்துகிறது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், பாட நேரத்தில் பாடத்தை மட்டுமே நடத்துங்கள்.