பள்ளிக்கூட உள்ளரங்கில் நடக்கும் விளையாட்டைப் படம் எடுத்தால் எல்லாம் இருட்டாகவும் கலங்கலாகவும் வருகிறது. புதிதாகப் பழகுகிற ஒருவர் எப்படித் தேறுவது?

நீங்களும் பிள்ளை விளையாடுவதை எடுக்கப்போய் மாட்டிக்கொண்டவர் என்றே நினைக்கிறேன். கெமராவோடு வந்த 18-55 லென்ஸ், டயலில் விளையாட்டுக்கென்று இருக்கிற ஓடுகிற மனிதன் அடையாளம், பார்வையாளர் வரிசையில் இருந்தபடி சூம், இவ்வளவுதானே? நானும் அப்படித்தான் தொடங்கினேன். நான் போட்டோகிராஃபர் இல்லை, கொழும்பு வெள்ளவத்தையில் கணக்கு வேலை பார்க்கிற ஒரு அம்மா. மகளின் பட்மிண்டன் போட்டிகளுக்கு நாலு வருஷம் பின்னால் அலைந்ததில் தெரிந்ததைச் சொல்கிறேன். பிழை இருந்தால் தெரிந்தவர்கள் திருத்தலாம், ஆனால் "கெமரா முக்கியமில்லை, கண்தான் முக்கியம்" என்று மட்டும் யாரும் தொடங்க வேண்டாம். அதைச் சொல்கிறவர்கள் பின்னேரம் ஐந்து மணிக்கு, காற்றில் ஷட்டில் அலைக்கழியும் என்று ஜன்னலெல்லாம் மூடி, பாதி டியூப் லைட் எரியாத ஒரு பள்ளிக்கூட மண்டபத்துக்குள் ஒருதரம் வந்து எடுத்துப் பார்க்கட்டும்.

முதல் போட்டியில் 214 படம் எடுத்தேன். மூன்று தேறியது, அதில் ஒன்று தண்ணீர் குடிக்கிற படம். பெற்றோர் வட்ஸ்அப் குழுவில் போட்டபோது ஒரு அப்பா "இதைவிட ஃபோனில் நல்லா வருமே" என்று ஒரு சிரிப்பு முகத்தோடு எழுதினார். அது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை, இந்தப் பதிலை இவ்வளவு நீளத்துக்கு எழுதுவதற்கும் அதுதான் காரணமாக இருக்கலாம்.

அப்புறம் தெரிந்த ஒரு கல்யாண வீட்டுப் போட்டோகிராஃபர் தம்பியிடம் கேட்டேன். "அக்கா, ஃபிளாஷ் போட்டு அடியுங்கோ, பளிச்செண்டு வரும்" என்றார். அடித்தேன். எதிர்ப்பக்கப் பிள்ளை சேர்வ் எடுக்கத் தயாராக நின்ற நேரம் அது. நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார், மண்டபமே என்னைப் பார்த்தது, மகள் மட்டும் பார்க்கவில்லை, அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஃபிளாஷை மறந்துவிடுங்கள்.

இனி விஷயம். ஓடுகிற பிள்ளை கலங்காமல் வர ஷட்டர் திறந்து மூடுகிற வேகம் குறைந்தது ஒரு செக்கனில் 500இல் ஒரு பங்கு வேண்டும், ஸ்மாஷுக்கு, அதாவது மேலிருந்து ஓங்கி அடிக்கிற அடிக்கு, 1000இல் ஒன்று இருந்தால் நல்லது. 18-55 லென்ஸை 55க்கு இழுத்தால் அதன் வாய் எஃப் 5.6க்கு மேல் திறக்காது (எஃப் எண் குறையக் குறைய வாய் பெரிது). எங்கள் மண்டபத்தில் ஐ.எஸ்.ஓ.வை, அதாவது கெமரா வெளிச்சத்தை உணருகிற அளவை, 6400 வரை ஏற்றியும் எனக்குக் கிடைத்தது 60இல் ஒன்றுதான். அதில் நிற்கிற நடுவர் வருவார், விளையாடுகிற பிள்ளை வராது. அதே இடத்தில் 50 எம்.எம். எஃப் 1.8 லென்ஸ் போட்டால் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும், 60இல் ஒன்று ஏறக்குறைய 600இல் ஒன்றாகிவிடும். இது கண்ணின் திறமையா? இல்லை, கணக்கு. எனக்கு இந்த ஞானம் வந்த நேரம்தான் பிழை. 2022இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 ரூபாவுக்குப் போன பிறகு வந்தது. புதுசு கட்டாது, ஒருவர் பாவித்ததைத்தான் வாங்கினேன். அந்த லென்ஸில் சூம் கிடையாது, அதனால் நீங்கள்தான் கிட்டப் போக வேண்டும். மிகக் கிட்ட இருந்து முழுக்க 1.8இல் திறந்து எடுத்தால் மூக்குத் தெளிவாகவும் காது கலங்கலாகவும் வரும், வெளிச்சம் போதுமென்றால் நான் 2 அல்லது 2.2இல் வைப்பேன்.

வாங்க வசதி இல்லை என்றால் பரவாயில்லை, சூமைத் தொடாமல் 18 பக்கமே விட்டுக் கிட்டப் போய் எடுங்கள். அங்கே எஃப் 3.5 கிடைக்கும், 5.6ஐவிட இரண்டரை மடங்கு வெளிச்சம். ஐ.எஸ்.ஓ.வை ஏற்றியதால் படம் கொஞ்சம் பொரிபொரியாக வந்தால் கவலைப்படாதீர்கள், பொரியோடு பார்க்கலாம், கலங்கினால் எறியத்தான் வேண்டும்.

லென்ஸ் வந்த பிறகு இன்னொரு கூத்து. தொடர்ந்து எடுத்த ஆறு படத்தில் ஒன்று வெளிச்சம், ஒன்று மஞ்சள், ஒன்றில் பாதி இருட்டு. கெமரா பழுது என்று ஒரு கடையில் கொடுத்தேன், சென்சர் அழுக்கு என்று சொல்லிக் காசு வாங்கிக்கொண்டு திருப்பித் தந்தார்கள். அடுத்த சனிக்கிழமையும் அதே மஞ்சள்! பழுது கெமராவில் இல்லை. நம்முடைய மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், பழைய டியூப் லைட்டும் மண்டபத்துப் பெரிய விளக்குகளும் செக்கனுக்கு 100 தரம் கூடிக் குறைகின்றன. கண்ணுக்குத் தெரியாது, செக்கனில் 600இல் ஒரு பங்கு மட்டும் திறக்கிற கெமராவுக்குத் தெரியும். இப்போதைய பல கெமராக்களில் 'அன்டி ஃபிளிக்கர்' என்று ஒன்று மெனுவுக்குள் ஒளிந்திருக்கும். அதைப் போட்டால் விளக்குக் கூடுகிற கணம் பார்த்து கெமரா தானே அடிக்கும், தொடர்ந்து படம் எடுக்கிற வேகம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். கடைக்காரர் இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஃபோகஸைத் தொடர்ந்து பின்தொடரும் முறைக்கு மாற்றுங்கள். கேனனில் ஏ.ஐ. சேர்வோ அல்லது சேர்வோ, நிக்கோன், சோனியில் ஏ.எஃப்.-சி. நிறத்துக்கு மண்டபத்துக்குள்ளேயே ஒரு வெள்ளைத் தாளைப் படம் எடுத்து வைட் பேலன்ஸைச் சரிப்படுத்துங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகள் எல்லாருக்கும் காமாலை வந்த மாதிரி இருக்கும்.

எங்கே இருப்பது என்பதுதான் நான் மிகவும் பிந்திப் படித்த பாடம். நம்முடைய பிள்ளையின் பின்னால் இருந்தால் முதுகுதான் வரும். எதிர்ப்பக்க மூலையில், கோட்டுக்கு வெளியே, அனுமதி கேட்டு நிலத்தில் இருங்கள். வலைக்கு அப்பால் முகம் தெரியும், கீழே இருந்து பார்த்தால் சின்னத் துள்ளலும் பெரிய பாய்ச்சலாகத் தெரியும். அந்த இடத்தில் பிரதம விருந்தினருக்கு சோஃபா போட்டிருந்தால் அது உங்கள் தலைவிதி. ராக்கெட் ஷட்டிலில் பட்ட சத்தம் கேட்டு அழுத்தினால் பிந்திவிட்டது, கை பின்னால் போகும்போதே அழுத்த வேண்டும். இரண்டு பேரையும் ஒரே படத்தில் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். போன வருஷம் ஒரு பள்ளிக்கூட மலரில் நான் எடுத்த படம் முழுப்பக்கத்துக்கு வந்தது. என் பெயர் இல்லை. கேட்டதற்கு "வட்ஸ்அப்பில் வந்தது, யார் எடுத்தது என்று தெரியாது" என்றார்கள். அனுப்பியதே நான், அதே குழுவில்! காசு கேட்கவில்லை, ஒரு வரி நன்றி போட எவ்வளவு மை செலவாகும்? நான் மட்டும் மற்றப் பிள்ளைகளின் படத்தை அவர்களின் அம்மா அப்பாவைக் கேட்காமல் எங்கும் போடுவதில்லை, நீங்களும் போட வேண்டாம்.

சரி, எப்படித் தேறுவது என்றுதானே கேட்டீர்கள். போட்டி நாளில் பழகாதீர்கள், பயிற்சிக்குப் போங்கள். பயிற்றுநரிடம் சொல்லிவிட்டு ஒரு பின்னேரம் முழுக்க சேர்வ் மட்டும், அடுத்த நாள் ஸ்மாஷ் மட்டும் எடுங்கள். நான் அப்படிப் பழகியபோதுதான் முதன்முதலாக ஷட்டில், ராக்கெட், முகம் மூன்றும் ஒன்றாகத் தெளிவாக வந்த ஒரு படம் கிடைத்தது. ஃபோனுக்கு மாற்றி, ஓடிப்போய் மகளிடம் காட்டினேன். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, என்ட முழங்கை எவ்வளவு கீழ நிக்குது பாருங்கோ" என்று சொல்லிக்கொண்டு ஃபோனோடு பயிற்றுநரிடம் போய்விட்டாள்.